மூன்று இலட்சம் ரூபாவுக்கு நான் கற்ற ஒரு சொல்

வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையில் நுழைந்தாலும் ஒரு மதிலிலாவது 'டு லெட்', அதாவது வாடகைக்கு விடப்படும் என்ற பலகை தொங்கும். 2023 பெப்ரவரியில் அப்படி ஒரு பலகையைப் பார்த்துத்தான் நான் ஒரு வீட்டு மணியை அழுத்தினேன். வீடு கிடைத்தது. ஏழு மாதம் கழித்து அதே 'லெட்' என்ற சொல்லைக் காட்டித்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். கையைவிட்டுப் போனது 308,000 ரூபா. இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதால் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது என் அலுவலகத்தில் மட்டக்களப்பிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

நானும் மட்டக்களப்புக்காரன்தான். புறக்கோட்டையில் ஒரு இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு வேலை. மனைவியையும் பிள்ளையையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஒரு மேல்மாடி அனெக்ஸை எடுத்தேன். மாத வாடகை 60,000 ரூபா. ஆறு மாத முற்பணம் 360,000. அதைக் கழிக்காமல் அப்படியே பிணையாக வைத்துக்கொண்டு, காலி செய்யும்போது திருப்பித் தருவதாகப் பேச்சு. தரகருக்கு ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு, நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். தரகரே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பழைய ஒப்பந்தம் ஒன்றின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது, ஓரிடத்தில் எனக்கு முன்பு இருந்தவரின் பெயர் அழியாமல் நின்றது. அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, ஏதோ பெரிய கவனசாலி போலக் கையெழுத்து வைத்தேன். வாசித்தது வாடகைத் தொகை, திகதி, முற்பணம் ஆகிய மூன்றை மட்டும். கணக்குக்காரனின் கண் இலக்கங்களைத்தான் தேடும்.

முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கார ஐயா நல்லவர்தான். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. மொட்டைமாடியில் இன்னொரு தளம் கட்டத் தொடங்கினார்கள். என் வாசலுக்குப் போகும் படியில் மணல் மூட்டை, கம்பிக் கட்டு. இரவு ஒன்பதரைக்கு கேட் பூட்டப்படும், திறப்பு எனக்கு இல்லை. புறக்கோட்டைக் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் நான் வருவதே பத்து மணிக்கு. தண்ணீர் மோட்டார் கீழே அவர்கள் வீட்டுக்குள். அவர்கள் போட்டால்தான் என் குழாயில் தண்ணீர். ஒரு காலை, தலையில் ஷாம்பூவுடன் அரைமணி நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து கேட்கவில்லை. கொழும்பில் வீடு கிடைப்பதே பெரிய காரியம், வீட்டுக்காரரோடு பகைக்கக்கூடாது என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஜூன் மாதம் என் தம்பி ஒரு பயிற்சி வகுப்புக்காக வந்து என்னோடு தங்கினான். அவனிடம் நான் ஒரு சதமும் வாங்கவில்லை. சமையலை அவன் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழே வரும்படி அழைத்தார்கள். பிளேன்டீ வைத்தார்கள். மகன் ஒப்பந்தத்தைப் பிரித்து, ஆறாம் பந்தியில் விரலை வைத்தார். "அண்ணா, இதை வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். 'வித்தவுட் எனி லெட் ஓர் ஹின்ட்ரன்ஸ்' என்று இருந்தது. "வித்தவுட் எனி லெட். யாருக்கும் லெட் பண்ணக்கூடாது. நீங்கள் ஒரு அறையை உங்கள் தம்பிக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான்" என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்கும் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான் தெரிந்திருக்கும். எனக்கும் அதுதான் தெரிந்திருந்தது, வாசல் பலகையில் ஏழு மாதமாகப் பார்த்த சொல்தானே.

அந்த நேரத்து மனநிலையை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குச் சி எடுத்தவன் நான். சரளமாக ஆங்கிலம் பேசும் ஒருவர் முன்னால் "இந்த வரி எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன். ஆட்டிய தலையின் விலை மூன்று மாத வாடகை. முற்பணத்தில் 180,000 ரூபாவை ஒப்பந்த மீறலுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். சுவருக்குப் பெயின்ற் அடிக்க இன்னொரு 45,000. இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும். அவசரத்தில் தெகிவளையில் கிடைத்த வீட்டுக்குத் தரகர் கூலி 65,000, சாமான் ஏற்றிய லொறிக்கு 18,000. தம்பி தன்னால்தான் இது நடந்தது என்று நினைத்து, வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டி ஏதாவது சொன்னால், அவர் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு பதில் சொல்லாதீர்கள். "கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று எழும்பி வாருங்கள். அப்படிச் சொல்வதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஒப்பந்தத்தின் பிரதி உங்கள் கையில் இல்லாவிட்டால் கைபேசியில் நான்கு பக்கத்தையும் படம் எடுங்கள். என்னிடம் பிரதி இருந்தது, அலுமாரியில், மின்பட்டியல்களுக்கு அடியில்.

டிசெம்பரில் லண்டனிலிருந்து என் சின்னம்மாவின் மகன் ஒரு கலியாணத்துக்கு வந்து என்னோடு இரண்டு நாள் நின்றான். கடவுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். சும்மா புரட்டினேன். பிரித்தானியக் கடவுச்சீட்டில், இதை வைத்திருப்பவரைச் சுதந்திரமாகச் செல்ல அனுமதிக்கும்படி அரசரின் பெயரால் கேட்கும் ஒரு வசனம் இருக்கும். 'அலவ்' என்று தொடங்கி, 'பாஸ் ஃப்ரீலி' என்று போய், 'வித்தவுட் லெட் ஓர் ஹின்ட்ரன்ஸ்' என்று வந்தது. என் ஆறாம் பந்தி! எல்லை அதிகாரியிடம் போய் "இவருக்கு வாடகைக்கு விடாமல் உள்ளே அனுமதியுங்கள்" என்று எந்த அரசர் கேட்பார்? இரண்டு தரம் வாசித்தேன். வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அவன் துவாயோடு வந்ததும் "இந்த லெட் என்றால் என்னடா?" என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. இருபது வருடமாகப் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு திரிகிறவன்.

அடுத்த சனிக்கிழமை கொழும்புப் பொது நூலகத்துக்குப் போய், தலையணை போன்ற அகராதிகளை எடுத்துவைத்து இருந்தேன். விசயம் இதுதான். ஆங்கிலத்தில் 'லெட்' என்பது ஒரு சொல் அல்ல. ஒரே எழுத்துக்களில் எழுதப்படும் இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் ஒன்று 'லேட்டன்', விட்டுச்செல், இருக்க விடு, அனுமதி என்ற பொருள்கள். ஜெர்மன் மொழியின் 'லாஸன்' அதன் உடன்பிறப்பு. மற்றது 'லெட்டன்', தாமதப்படுத்து, தடு. மெதுவான என்று பொருள்பட்ட 'லேட்' என்ற பழைய உரிச்சொல்லிலிருந்து அது பிறந்தது. நாம் அலுவலகத்துக்குப் பிந்திப் போனால் சொல்லும் 'லேட்'டும் அதே சொல்தான். காலப்போக்கில் இரண்டின் ஒலியும் தேய்ந்து ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே சொல்! இன்னும் ஆழமாகத் தோண்டினால் இரண்டும் தளர்தல் என்ற ஒரே வேரில் போய்ச் சேர்கின்றன என்கிறார்கள் மொழியியலாளர்கள். பிடியைத் தளர்த்தினால் விடுதல், நடை தளர்ந்தால் தாமதம், தாமதம் முற்றினால் தடை.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இந்தத் தடுக்கும் 'லெட்' சாதாரணமாகவே வருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் உள்ளது. தெகிவளையில் பக்கத்து வீட்டு அன்ரி தன் தமிழ் வேதாகமத்தைத் திறந்து காட்டினார். அதே இடத்தில் 'தடைசெய்கிறவன்' என்று இருந்தது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அந்தச் சொல் செத்துவிட்டது. சட்டத்தாளிலும் கடவுச்சீட்டிலும் 'ஹின்ட்ரன்ஸ்' என்ற சொல்லின் தோளைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறது. இன்னோரிடம் விளையாட்டுத் திடல். பாடசாலையில் நான் மேசைப் பந்து ஆடியவன். சர்விஸ் பந்து வலையில் உரசிக்கொண்டு அப்பால் விழுந்தால் நடுவர் 'லெட்' என்பார், மறுபடி போட வேண்டும். 'சரி, விடு, திரும்பப் போடு' என்று சொல்கிறார் என்றே எட்டு வருடம் நினைத்திருந்தேன். பாதிப் பேர் அதை 'நெட்' என்றே சொல்வோம். உண்மையில் பந்து தடைப்பட்டது என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

அன்று நூலகத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் வந்தது, பணம் போனதை மறந்து. முதலாவது 'லெட்'டுக்கு நம்முடைய 'விடு' எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். உள்ளே விடு, போக விடு, வாடகைக்கு விடு. மூன்றிலும் ஆங்கிலத்தான் 'லெட்' போடுகிறான், நாம் 'விடு' போடுகிறோம். யாரிடமிருந்து யாரும் கடன் வாங்கவில்லை. இரண்டு மொழியும் தன் போக்கில் ஒரே வழியால் நடந்திருக்கின்றன. குத்தகைக்கு அவர்கள் சொல்லும் 'லீஸ்' கூட, தளர்த்துதல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல்தான், அதுவும் ஒரு 'விடு'. நமக்கோ குடியிருக்கும் இடமே விடுதலில் பிறந்தது. சுடு சூடாகிற மாதிரி, கெடு கேடாகிற மாதிரி, விடு நீண்டு வீடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பத்தாம் வகுப்பில் உருப்போட்டது. அறம் பொருள் இன்பத்துக்கு அடுத்து வரும் வீடும் இதே வீடுதான். எனக்குக் கிடைத்தது இரண்டாவது வகை.

ஆறாம் பந்தியை முழுசாக வாசித்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். குத்தகைக்கு எடுத்தவர், கொடுத்தவரின் எவ்விதத் தடையோ இடையூறோ இன்றி வீட்டை அமைதியாக வைத்திருந்து அனுபவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். மணல் மூட்டைக்கும், ஒன்பதரைப் பூட்டுக்கும், தண்ணீர் மோட்டாருக்கும் எதிராக என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. அதைத்தான் என் மேல் பாய்ச்சினார்கள், நானும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு இருந்தேன். இதில் வேடிக்கை, இந்த வரியை நான் தமிழில் சின்ன வயதிலிருந்தே அறிவேன். அம்மாவின் காணி உறுதியில் 'யாதொரு தடையுமின்றி ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று வரும். தாத்தா அதை இராகம் போட்டு வாசிப்பார். அதே வாசகம் ஆங்கில உடுப்பில் வந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. 'என்ஜாய்' என்பதை, ஏதோ கடற்காற்று வாங்கி மகிழ்வது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். அது 'ஆண்டு அனுபவித்தல்'.

பிறகு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன், அலுவலக நண்பரின் மைத்துனர். அவர் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை வேறோர் இடத்தில், பன்னிரண்டாம் பந்தியில், 'சப்லெட்' என்ற சொல்லோடு தனியாகவே இருந்தது. ஆறாம் பந்தியின் பொருளும் அதுவாக இருந்தால் பன்னிரண்டாம் பந்திக்கு வேலையே இல்லையே என்றார். இதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கலாம், இதற்கு ஆங்கில அறிவுகூடத் தேவையில்லை. வாடகை வாங்காமல் கூட இருக்கும் தம்பியை உபகுத்தகைக்காரன் என்று சொல்லவும் முடியாது என்றார். அதைவிடப் பெரியது ஒன்றைப் பிறகு சொன்னார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, ஆவணங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையது தரகர் தட்டச்சு செய்த தாள். இரண்டு வருடக் குத்தகை என்ற வகையில் அதற்குச் சட்ட வலு இல்லை, வாடகை கொடுத்து வாங்கியதை வைத்து மாத வாடகைக்காரன் என்று வேண்டுமானால் வாதாடலாம் என்றார். அதாவது, எந்தத் தாளை மீறினேன் என்று 180,000 பிடித்தார்களோ, அந்தத் தாளே நொண்டி.

பணத்தைத் திரும்பக் கேட்டு அவர் மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் தவணைக்கு லீவு எடுக்க வேண்டும், என் முதலாளி அப்படிப்பட்டவர் அல்ல. விட்டுவிட்டேன். இங்கே 'விடு' என்பதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை.

வீடு தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள்களில் இன்னும் சில குழிகளைக் காட்டிவிடுகிறேன். 'லெசர்', 'லெசீ' இரண்டும் ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்து வித்தியாசத்தில் வரும், பாதி வாசிப்பில் மாறிவிடும். 'ஈ' என்று முடிந்தால் பெறுகிறவர். காசோலையில் 'பேயீ' பணம் பெறுகிறவர்தானே, அதுபோல 'லெசீ' நீங்கள். 'டிட்டர்மினேஷன்' என்று கண்டால் தீர்மானம் என்று எண்ணாதீர்கள், குத்தகைத் தாளில் அது முடிவுக்கு வருதல். எல்லை என்ற லத்தீன் சொல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. 'ஃபெயர் வெயர் அண்ட் டெயர்' என்பது சாதாரணமாகக் குடியிருந்ததால் வரும் தேய்மானம், அதற்கு வாடகைக்காரர் பொறுப்பல்ல என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். என் தாளிலும் அது இருந்தது, இருந்தும் பெயின்றுக்கு 45,000 கொடுத்தேன். குடி போகும் அன்றே, ஒரு சாமானும் இறக்குமுன் சுவர், குழாய், நிலம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தரகர் சொல்வார். அவருக்கு அவசரம், உங்களுக்கு எதற்கு? நொத்தாரிசு கையெழுத்து வாங்குமுன் ஆவணத்தை வாசித்து விளக்க வேண்டியது அவருடைய கடமை. விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழில் ஆவணம் எழுதும் நொத்தாரிசுகளும் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள்.

தெகிவளை வீட்டில் ஒரு வருடம் வாய்ப்பேச்சிலேயே இருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கனடாவில் இருக்கும் மகளுக்கும் விளங்க வேண்டும், ஆங்கிலத்திலேயே இரண்டு வருடத்துக்கு எழுதுவோம் என்று அவர் கேட்டபோது, நொத்தாரிசிடம் போனால் சரி என்றேன். செலவு பாதிப்பாதி. நொத்தாரிசு ஐயா எழுபது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாம் பந்தியில் நான் எதிர்பார்த்தது வந்தது. "ஐயா, இந்த லெட் என்றால் என்ன?" என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தடை, தம்பி. பழைய சொல்." "ஹின்ட்ரன்ஸ் என்றாலும் தடைதானே?" "அதுவும் தடைதான்." "அப்படியென்றால் ஒன்று போதாதா?" நாற்பது வருடத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை என்றார். ஆசிரியை சிரித்துக்கொண்டே தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நொத்தாரிசு ஐயா பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்து ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அடுத்த பிரதியிலும் அப்படியே. அடித்தல் திருத்தல் இருந்தால் நொத்தாரிசு தன் அத்தாட்சியில் அதைக் குறிப்பிட வேண்டுமாம். ஆகவே கடைசிப் பக்கத்தில், இரண்டாம் பக்கம் நான்காம் வரியில் 'லெட் ஓர்' என்ற சொற்கள் கையொப்பத்துக்கு முன் வெட்டப்பட்டன என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போய்விட்டது. தம்பி அடுத்த மாதம் திரும்ப வருகிறான், அவன் பெயர் பதினோராம் பந்தியில் இருக்கிறது.